காசில் பதிந்த மண்

மலேசியத் தமிழர் பேச்சில் வழங்கும் ஒரு சொல், தமிழகத்திலிருந்து வரும் விருந்தினரைச் சற்றே திகைக்க வைப்பதுண்டு. பிரிக்ஃபீல்ட்ஸ் கடைத்தெருவில் பூமாலை விலை கேட்டால், "பதினைந்து வெள்ளி" என்று விடை வரும். கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் சேலை விலை கேட்டாலும் அவ்வாறே. விருந்தினர் வெள்ளிக்கிழமையை எண்ணுவார். வெள்ளிப் பாத்திரத்தை எண்ணுவார். விண்ணில் தோன்றும் வெள்ளியைக்கூட எண்ணிவிட்டுப் பின்னரே தெளிவார். ரிங்கிட் என்னும் நாட்டு நாணயத்திற்கு இங்குள்ள தமிழர் இட்டு வழங்கும் பெயர் வெள்ளி. சம்பளமும் வெள்ளியில், கடனும் வெள்ளியில், திருமண மொய்யும் வெள்ளியில். ஆயினும் அந்த வெள்ளியில் இன்று குன்றிமணி எடை வெள்ளியும் இல்லை. உலோகம் எப்போதோ கழன்று போயிற்று; பெயர் மட்டும் நாவில் தங்கிவிட்டது.

ரிங்கிட் என்னும் மலாய்ச் சொல்லும் வெள்ளி நாணயத்திலிருந்தே பிறந்தது. அரம்பப் பல் போன்ற விளிம்புடையது என்பது அதன் பொருள். இப்பகுதித் துறைமுகங்களில் நெடுங்காலம் செலாவணியில் இருந்த ஸ்பானிய வெள்ளி டாலரின் விளிம்பில் அத்தகைய வெட்டுகள் இருந்தன. மலாய்க்காரர் விளிம்பைக் கண்டு பெயரிட்டனர். தமிழர் உலோகத்தைக் கண்டு பெயரிட்டனர். இரு சாராரும் கண்டது ஒரே நாணயத்தை. மாணவர்க்குச் சொல்லத்தக்க மற்றொரு செய்தியும் உண்டு. கீழை நாடுகளின் சில்லறை நாணயத்தைக் குறிக்க ஆங்கிலேயர் வழங்கிய 'கேஷ்' என்னும் சொல், நம் 'காசு' போர்த்துக்கீசியர் வாய்வழியே திரிந்து சென்றதாகும். ரொக்கப் பணத்தைக் குறிக்கும் 'கேஷ்' வேறு வேரிலிருந்து வந்தது. இரண்டையும் ஒன்றெனக் கருதி மேடையில் முழங்குவோர் இதனைக் கருத்திற் கொள்ளல் நன்று.

மொழியில் மட்டும் தங்கிவிட்ட அந்த வெள்ளியை உலோகமாகவே தேடிச் சேர்ப்போர் கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் சிலர் உளர். அவர்களுள்ளும் ஒரு சிறுபான்மையினர், நாட்டின் வட்டாரங்களையும் மாநிலங்களையும் பெருமைப்படுத்தி வெளிவரும் வெள்ளி நினைவு நாணயங்களையே நாடுவர். நினைவு நாணயம் கடைத்தெருவில் புழங்குவதற்காக அச்சிடப்படுவதன்று. ஒரு நிகழ்ச்சியை, ஒரு மனிதரை, ஓர் ஊரை நினைவிற் கொள்ள அரசு வெளியிடும் பொருள் அது. முகமதிப்பு உண்டு, ஆனால் எவரும் அதைக் கொண்டுபோய் அரிசி வாங்குவதில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸில் வாழும் பெரியவர் ஒருவர் இச்சிறுபான்மையினரைச் சேர்ந்தவர். எண்பதை நெருங்கும் அகவை. ரயில்வேயில் எழுத்தராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அவருடைய தந்தை நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பலேறிக் கிள்ளான் துறைமுகத்தில் இறங்கியவர். அந்நாளில் அத்துறைமுகத்திற்குப் போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பெயர். தந்தை மகனுக்கு விட்டுச் சென்றவை ஒரு தகரப் பெட்டியும் அதனுள் துணியில் முடிந்த ஏழு வெள்ளிக் காசுகளுமே. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் வாழைமர நோட்டு மதிப்பற்றுப் போகும் என்று அஞ்சி மண்ணில் புதைத்து வைத்தவை அவை என்று தாயார் சொல்லக் கேட்டிருக்கிறார். வாழைமர நோட்டு மூட்டை மூட்டையாகக் குப்பைக்குப் போயிற்று. மண்ணுக்குள் இருந்த வெள்ளி, மண்ணாகவில்லை.

இளைஞராக இருந்த நாளில், அக்காசுகளைக் கிள்ளானில் ஒரு பத்தரிடம் எடுத்துச் சென்று நிறுத்திப் பார்த்தார். விற்கும் எண்ணம் இல்லை. எடை அறியும் ஆவல்தான். ஏழும் 'ஒரு டாலர்' என்று பொறிக்கப்பட்டவை. ஏழிலும் நீரிணைக் குடியேற்றங்களின் பெயர். ஆனால் தராசு வேறு கதை சொல்லிற்று. இரண்டு காசுகள் மிகக் கனம், மூன்று இடைத்தரம், இரண்டு இலேசு. "ஐயா, இந்தக் கடைசி இரண்டிலும் பாதி செம்பு" என்று பத்தர் உரைகல்லில் தேய்க்காமலே சொன்னார். ஒரே பெயர், ஒரே முகமதிப்பு, மூன்று எடை! இது எங்ஙனம் என்ற வினாவே அவரைச் சேகரிப்பாளர் ஆக்கியது.

விடை நூல்களில் கிடைத்தது. 1903-ஆம் ஆண்டில் நீரிணைக் குடியேற்றங்கள் தமக்கென ஒரு வெள்ளி டாலரை முதன்முதலாக வெளியிட்டன. பம்பாய் அக்கசாலையில் அச்சாகிக் கப்பலில் வந்த அந்நாணயத்தின் எடை 26.95 கிராம், அதில் பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி. அதற்கு முன் இங்குப் புழங்கியவை மெக்சிகோ டாலரும் பிரிட்டிஷ் வணிக டாலருமே. 1906-இல் டாலரின் மதிப்பு இரண்டு ஷில்லிங் நான்கு பென்ஸ் என்று அறுதியிடப்பட்டது. உலகச் சந்தையில் வெள்ளி விலை ஏறிக்கொண்டிருந்த காலம் அது. நாணயத்தின் முகமதிப்பைவிட அதனுள் இருக்கும் வெள்ளியின் விலை மிகுந்துவிட்டால் மக்கள் அதை உருக்கிவிடுவர் அல்லவா? எனவே 1907-இல் எடை 20.21 கிராமாகக் குறைக்கப்பட்டது. முதல் உலகப் போருக்குப் பின் மீண்டும் அதே இடர். 1919 முதல் வெளிவந்த டாலரின் எடை 16.85 கிராம், அதிலும் வெள்ளி பாதிதான். கணக்கிட்டுப் பார்த்தால் ஒரு டாலரினுள் இருந்த தூய வெள்ளி 24 கிராமுக்குச் சற்று மேலிருந்து எட்டரைக் கிராமுக்கும் கீழே இறங்கியது. இதற்கு எடுத்த காலம் இருபது ஆண்டுகூட இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப்பின் வந்த மலாயாச் சில்லறைகள் செப்பு நிக்கல் கலவைக்கு மாறின. அன்றுமுதல் 'வெள்ளி' வெறும் சொல்.

அந்த ஏழு காசுகளில் பெரியவரைக் கவர்ந்தது எடை மட்டுமன்று. நீரிணைக் குடியேற்றங்கள் என்பது பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகியவற்றை ஒரு குடைக்கீழ் வைத்திருந்த ஆட்சிப் பகுதி. 1946-இல் அது கலைக்கப்பட்டது. உலகப் படத்தில் அப்பெயர் இன்று இல்லை, அலுவலகம் இல்லை, கொடி இல்லை. ஆனால் காசில் அந்நாடு இன்னும் இருக்கிறது. ஓர் ஆட்சியாளர் ஒரு கையெழுத்தால் மாநிலத்தின் பெயரை மாற்றலாம், எல்லையை அழிக்கலாம். மக்கள் பெட்டிக்குள் போய்விட்ட காசை மட்டும் அவர் திரும்ப அழைக்க இயலாது.

இந்நாட்டில் வட்டாரத்துக்கொரு காசு இருந்த காலமும் உண்டு. பகாங்கில் ஈயத்தை ஒத்த தகரத்தால், தொப்பி வடிவில் வார்த்த பணம் வழங்கிற்று. கிளந்தானிலும் திரெங்கானுவிலும் 'பித்திஸ்' என்னும் தகரக் காசுகள். கிளந்தானின் பழைய பொற்காசுகளில் கீஜாங் என்னும் கேளையாட்டு மானின் உருவம் காணப்படும். தென்னிந்தியக் காசுகளின் நந்தி உருவமே அங்ஙனம் மானாக மாறியது எனக் கருதுவோரும் உளர். கருத்து வேறுபாட்டுக்கு இடமுள்ள செய்தி. ஆனால் ஒன்று உறுதி. நாட்டின் மத்திய வங்கியாகிய பேங்க் நெகாரா தன் சின்னமாக ஏற்றிருப்பது அந்த மானைத்தான். 2001-இல் வெளிவந்த 'கீஜாங் எமாஸ்' பொன் நாணயத்திலும் அதுவே துள்ளி நிற்கிறது. ஒரு வட்டாரத்தின் காசிலிருந்து இறங்கி நடந்து ஒரு நாட்டின் சின்னமான விலங்கு அது! கடலுக்கு அப்பால் சரவாக்கில் புரூக் குடும்பத்து வெள்ளை ராஜாக்கள் தங்கள் தலை பொறித்த காசுகளை வெளியிட்டனர். இன்று சபா எனப்படும் பிரிட்டிஷ் வட போர்னியோ, 1929-இல் 25 காசு வெள்ளி நாணயம் ஒன்றை வெளியிட்டது.

இவை அனைத்தும் ஒன்றாகக் கலந்த கதை நீளமானது. 1953-இல் எலிசபெத் அரசியாரின் உருவம் தாங்கி வந்த காசுகளில் 'மலாயாவும் பிரிட்டிஷ் போர்னியோவும்' என்ற இரட்டைப் பெயர் இருந்தது. 1967 ஜூன் 12-இல் மலேசியா தன் சொந்த நாணயத்தை வெளியிட்டது. நாடாளுமன்றக் கட்டடம் அதில் இடம் பெற்றது. 1975-இல் ரிங்கிட் என்னும் பெயர் சட்டப்படி நிலைபெற்றது. தமிழர் மட்டும் இடையில் எந்த மாற்றத்தையும் கவனியாதவர்போல் வெள்ளி, வெள்ளி என்றே சொல்லி வந்தனர்.

பிற நாடுகளில், ஒன்றாகிவிட்ட நாட்டைக் காசின் மூலம் மீண்டும் வட்டாரங்களாகப் பிரித்துக் காட்டும் வழக்கம் அண்மைக் காலத்தில் பெருகியுள்ளது. அமெரிக்க ஐக்கிய நாடுகள் 1999 முதல் 2008 வரை, ஆண்டுக்கு ஐந்து மாநிலமாக ஐம்பது மாநிலங்களுக்கும் கால் டாலர் நாணயம் வெளியிட்டன. புழக்கத்திற்கு வந்தவை சாதாரண உலோகம். சேகரிப்போர்க்கென வெள்ளியிலும் தனியே அச்சிடப்பட்டன. ஆஸ்திரியா 2012 முதல் 2016 வரை தன் ஒன்பது மாநிலங்களுக்கும் ஒவ்வொரு பத்து யூரோ வெள்ளி நாணயமும், இறுதியில் நாட்டிற்கென ஒன்றும் வெளியிட்டது. அவ்வரிசையின் சிறப்பு, பள்ளிப் பிள்ளைகளிடையே ஓவியப் போட்டி நடத்தி, அவர்கள் வரைந்த உருவங்களைக் காசின் ஒரு பக்கத்தில் ஏற்றியதாகும். தம் மாநிலம் எது என்று கேட்டால், அமைச்சரைவிட ஒரு சிறுவன் நன்றாக வரைவான் என்று அந்நாட்டார் நம்பியிருக்கின்றனர். ஆசிரியர்கள் எண்ணிப் பார்க்கத்தக்க நம்பிக்கை.

பிரெஞ்சு நாட்டின் வரிசை பெரியவருக்கு மிக நெருக்கமானது. 2010-ஆம் ஆண்டில் பிரான்சு தன் வட்டாரங்கள் ஒவ்வொன்றின் பெயரிலும் பத்து யூரோ வெள்ளி நாணயம் வெளியிட்டது. அஞ்சலகங்களில் முகமதிப்புக்கே விற்றது. பாதி வெள்ளி கலந்த காசுதான். ஆயினும் அஞ்சல்தலை வாங்கும் சாளரத்தில் பத்து யூரோ கொடுத்து ஒரு வெள்ளிக் காசு வாங்கலாம் என்பது எளிய மக்களையும் சேகரிப்பாளர் ஆக்கிய ஏற்பாடு. பாரிஸ் லா ஷப்பேல் பகுதியில் வாழும் உறவுக்காரப் பிள்ளை ஒருவர் அவற்றுள் ஒன்பதை அனுப்பி வைத்தார். அப்போது பிரான்சின் பெருநிலப்பரப்பில் 22 வட்டாரங்கள் இருந்தன. கடலுக்கு அப்பால் இருந்தவை நான்கு. 2016 ஜனவரி 1-இல் பெருநிலப்பரப்பின் 22 வட்டாரங்கள் 13 ஆகச் சுருக்கப்பட்டன. பிக்கார்டி, லிமூசான், ஓவர்ன் ஆகியன தனி வட்டாரங்களாக இல்லாமற் போயின. காசு வெளிவந்து ஆறு ஆண்டுகளுக்குள் காசில் உள்ள நிலப்பெயர் ஆட்சிப் படத்திலிருந்து மறைந்துவிட்டது. நீரிணைக் குடியேற்றத்து டாலரைத் தந்தையின் பெட்டியில் கண்டவருக்கு இது புதுமையாக இருக்கவில்லை.

அவ்வொன்பதில் பெரியவர் மற்றவற்றிலிருந்து பிரித்துத் தனியே வைத்திருப்பது ரியூனியன் தீவின் காசு. 1848-இல் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமை முறை ஒழிந்தபின், கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டிப் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் தமிழர் அத்தீவுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்தம் வழித்தோன்றல்கள் இன்றும் அங்குக் கோயில் கட்டித் தீ மிதிக்கின்றனர். தமிழ் பேசுவோர் மட்டும் அரியர். கிள்ளானுக்கு வந்த கப்பலும் ரியூனியனுக்குப் போன கப்பலும் ஏறத்தாழ ஒரே கரையிலிருந்து புறப்பட்டவை. ஆகவே பிரெஞ்சு எழுத்துப் பொறித்த அக்காசு இவர் தொகுப்பில் அயல்நாட்டுப் பக்கத்தில் இல்லை. அது எங்கே இருக்கிறது என்பதைச் சொல்வதற்கு முன், தொகுப்பின் அமைப்பைச் சொல்ல வேண்டும்.

பிறர் வெளியிட்ட வரிசையை வாங்கி அடுக்குவதில் பெரியவருக்குப் பெருமை இல்லை. "அது பாடநூலை மனப்பாடம் செய்வது போன்றது" என்பார். எனவே மலேசியாவின் பதின்மூன்று மாநிலங்களுக்கும் தாமே ஒரு வரிசை கட்டினார். கெடாவுக்கு 2012-இல் துவாங்கு அப்துல் ஹலிம் மாமன்னராக முடிசூடியபோது வெளிவந்த வெள்ளி நாணயம்; பகாங்கிற்கு 2019-இல் அல்-சுல்தான் அப்துல்லா முடிசூடியபோது வந்தது. ஒன்பது மாநில ஆட்சியாளர்களுள் ஒருவர் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாமன்னராகத் தேர்ந்தெடுக்கப்படும் நாடு இது. எனவே முடிசூட்டு நாணயங்களைத் தொடர்ந்து சேர்ப்பவர், தாம் அறியாமலே மாநிலங்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார். மன்னர் இல்லாத நான்கு மாநிலங்களுக்கு என் செய்வது? சரவாக்கிற்கு 1976-இல் வன விலங்குப் பாதுகாப்பை முன்னிட்டு வெளிவந்த 25 ரிங்கிட் வெள்ளி நாணயம். அதில் இருப்பது அம்மாநிலத்தின் பறவையாகிய இருவாட்சி. சபாவுக்கு 1929-ஆம் ஆண்டின் 25 காசு. பினாங்குக்கும் மலாக்காவுக்கும் தந்தையின் பெட்டியிலிருந்த நீரிணை டாலர்களுள் இரண்டு.

வழக்கு எழுந்தது சிலாங்கூரிலும் பேராக்கிலும்தான். 1972 பிப்ரவரி 1-இல் கோலாலம்பூர் மாநகர்த் தகுதி பெற்றது. அதன் நினைவாக ஒரு ரிங்கிட் நாணயம் வெளிவந்தது. அதனைச் சிலாங்கூர்ப் பக்கத்தில் வைத்தார் பெரியவர். கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசம் அன்றோ, சிலாங்கூரில் எப்படி வைக்கலாம் என்று நண்பர்கள் வாதிட்டனர். கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசம் ஆனது 1974 பிப்ரவரி 1-இல்தான். காசு வெளிவந்த நாளில் அது சிலாங்கூரின் தலைநகர். "காசு பிறந்த அன்று அது யார் பிள்ளையோ, அவர் வீட்டில்தான் இருக்கும்" என்று முடித்துவிட்டார். அவர் பக்கமே நியாயம் என்று சொல்லத் தோன்றுகிறது.

பேராக் என்னும் மலாய்ச் சொல்லுக்கே வெள்ளி என்பது பொருள். அம்மாநிலப் பக்கத்தில் பெரியவர் வைத்திருப்பது வெள்ளியே இல்லாத ஒரு வெள்ளி: 1977-இல் இயற்கை ரப்பரின் நூற்றாண்டு நினைவாக வந்த ஒரு ரிங்கிட் நாணயம். 1877-இல் கடல் கடந்து வந்த ரப்பர்க் கன்றுகளுள் சில பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன. ஆகவே பேராக். பிரேசில் நாட்டு வித்து லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து இங்கு வேரூன்றிய அந்த மரம், பின்னர் எத்தனை ஆயிரம் தமிழ்க் குடும்பங்களை இம்மண்ணுக்கு இழுத்து வந்தது என்பதை இக்கட்டுரையைப் படிப்போர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. அந்தக் காசுக்கு அருகில்தான் ரியூனியன் காசு இருக்கிறது. கரும்பும் ரப்பரும் ஒரே பக்கத்தில்.

அப்பக்கத்தின் எதிரே ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கிறது. அதில் காசு இல்லை. தோட்டப் பெயர்கள் உள்ளன. நாணயம் அச்சிடும் பேங்க் நெகாராவின் அக்கசாலை 1971-இல் ஷா ஆலமில் அமைந்தது. ஷா ஆலம் நகரம் எழுந்த இடம் முன்பு சுங்கை ரெங்கம் எனப்பட்ட ரப்பர், செம்பனைத் தோட்டப் பகுதி. நாட்டின் காசு பிறக்கும் வட்டாரம், ஒரு காலத்தில் பால்மரக் காடு. அத்தாளில் முதற்பெயர் அதுவே. அடுத்தது கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தென்னைமரம் தோட்டம். இந்நாட்டில் செம்பனை வாணிக நோக்கில் முதன்முதல் 1917-இல் பயிரிடப்பட்ட இடம் அது. செம்பனை வரலாறு எழுதும் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மலாய்க்காரரும் அத்தமிழ்ப் பெயரைத் தட்டாமல் எழுதித்தான் தீர வேண்டும். பெயர்களின் பட்டியல் மேலும் நீள்கிறது. பல இன்று வீடமைப்புப் பகுதிகள். பெருவாரியானவற்றுக்குக் காசு வரப் போவதில்லை என்பது பெரியவருக்குத் தெரியும். ஆயினும் ஒரு வட்டாரத்தைப் பெருமைப்படுத்துதல் அரசின் அக்கசாலைக்கு மட்டும் உரிய வேலை என்று அவர் கருதவில்லை போலும்.

தமிழ் மண்ணின் காசுகளும் அத்தொகுப்பில் உண்டு. பெரும்பாலும் படங்களே. கரூர் அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைத்த சேரர் வெள்ளிக் காசுகளில் 'மாக்கோதை' என்னும் பெயர் தமிழ் எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. சோழர் காசுகளில் புலி நடுவே அமர, மீனும் வில்லும் உடன் நிற்கும். மூன்று நாடும் ஒரு காசில்! ஆனால் அங்குப் பாண்டி நாடும் சேர நாடும் பெருமைப்படுத்தப்படவில்லை. வெல்லப்பட்டன என்று அறிவிக்கப்படுகின்றன. வட்டாரச் சின்னத்தைக் காசில் ஏற்றுவதிலேயே இத்தகைய வேற்றுமை இருப்பதை வரலாற்று மாணவர் உணர்தல் வேண்டும். உண்மையான காசாக அவரிடம் இருப்பது ஒன்று. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டை ஒட்டி இந்திய அரசு வெளியிட்ட ஆயிரம் ரூபாய் நாணயம், ஆண்டுக்குறி 2010. முப்பத்தைந்து கிராம் எடை. ஐந்தில் நான்கு பங்கு வெள்ளி. 1995-இல் தஞ்சையில் நடந்த எட்டாம் உலகத் தமிழ் மாநாட்டிற்கு வள்ளுவர் உருவம் தாங்கிய காசுகள் வந்தன, அவை வெள்ளியல்ல. முதல் மாநாடு 1966-இல் கோலாலம்பூரில் நிகழ்ந்தது என்பதை அந்த வள்ளுவர் காசின் கீழ்ச் சிறு எழுத்தில் குறித்து வைத்திருக்கிறார்.

வெள்ளியைப் பேணுதல் எளிதன்று. கிள்ளான் பள்ளத்தாக்கின் ஈரக் காற்றில் அது கறுக்கும். அதிலும் கந்தகம் பட்டால் விரைவில் கறுக்கும். காசுகளைக் கட்டாகச் சேர்த்து ரப்பர் வளையம் போட்டு வைப்பவர்கள், சில மாதத்தில் வளையம் பட்ட இடத்தில் கரிக்கோடு விழக் காண்பர். பதப்படுத்திய ரப்பரில் கந்தகம் உண்டு. மலிவான நெகிழி உறைகள் காலப்போக்கில் பச்சைப் பிசுக்கைக் கக்கும். ஆனால் கறுப்பைத் துடைத்தல் அதனினும் கேடு. ஒரு தீபாவளிக்கு முந்தைய நாள் பெரியவரின் மனைவியார், குத்துவிளக்கையும் வெள்ளித் தட்டையும் துலக்கும்போது, மாமனார் விட்டுச் சென்ற காசுகளும் கறுத்துக் கிடக்கின்றனவே என்று இரக்கங் கொண்டு, திருநீற்றால் நன்கு தேய்த்துப் பளபளவெனப் பூசையறையில் அடுக்கிவிட்டார். காசின் மேற்பரப்பில் நூறாண்டாகப் படிந்த நிறமும், அரசரின் தலைமயிர்க் கோடுகளும் தேய்ந்தன. சேகரிப்போர் சந்தையில் அவற்றின் மதிப்புப் பாதிக்கும் கீழே போயிற்று. பெரியவர் அன்று மாலைவரை பேசவில்லை, இரவில், "மாமனாருக்கு இதைவிட யார் மரியாதை செய்திருப்பார்கள்?" என்று மட்டும் சொன்னாராம். காசைக் கழுவாதீர், துடைக்காதீர், விளிம்பைப் பிடித்தே எடுப்பீர் என்பது எல்லா நாட்டுச் சேகரிப்பாளர்க்கும் பொது விதி. ஆனால் ஒரு வீட்டில் காசு இருப்பது சந்தைக்காக மட்டுமன்று.

இப்போது அத்தொகுப்புக்கு ஓர் இடர் வந்திருக்கிறது. வெள்ளி விலை ஏறிவிட்டது. 1980 ஜனவரியில் டெக்சாஸ் ஹண்ட் சகோதரர்கள் வெள்ளியைக் குவித்ததால் ஓர் அவுன்சு ஏறத்தாழ ஐம்பது அமெரிக்க டாலரைத் தொட்டது. அவ்வாண்டு மார்ச்சு 27-இல் விலை சரிந்தது. அந்நாளை ஆங்கிலத்தில் 'வெள்ளி வியாழன்' என்று பொருள்படும் பெயரால் வழங்குவர்; தமிழில் சொன்னால் இரண்டு கிழமைகள் முட்டிக்கொள்ளும். அந்த உச்சத்தில் உலகெங்கும் எண்ணற்ற பழைய வெள்ளிக் காசுகள் உலைக்குப் போயின. 2025 அக்டோபரில் வெள்ளி அந்தப் பழைய உச்சத்தையும் தாண்டியது. கிள்ளானில் முன்பு காசை நிறுத்துக் காட்டிய பத்தரின் மகன் இப்போது கடையை நடத்துகிறார். "ஐயா, இவ்வளவையும் வைத்து என்ன செய்யப் போகிறீர்கள்? கிராம் கணக்கில் தருகிறேன், செம்பைக் கழித்தாலும் நல்ல தொகை வரும்" என்றார். மூத்த மகனின் கருத்தும் அதுவே. மகன் பேராசைக்காரர் அல்லர். அவருக்கும் பிள்ளைகள் இருக்கின்றனர், கல்லூரிச் செலவு இருக்கிறது.

பெரியவர் ஒரு வாரம் கணக்குப் போட்டார். கிராம் கணக்கு ஒரு பக்கம். வரிசையின் கணக்கு மறுபக்கம். உலைக்குப் போனால் நீரிணை டாலரும் தஞ்சைக் காசும் ஒரே பாளம். பினாங்கும் இல்லை, தஞ்சையும் இல்லை. இறுதியில் இரட்டையாக இருந்தவற்றை மட்டும் மகனிடம் கொடுத்தார். திருநீறு பட்ட காசுகளையும் அதனுடன் சேர்க்க மகன் கையை நீட்டியபோது, "அவை உன் அம்மாவினுடையவை" என்று எடுத்து வைத்துக்கொண்டார். வரிசையை ஒரு தமிழ்ப்பள்ளிக்குக் கொடுப்பதென்று முடிவு செய்து, ஒவ்வொரு காசுக்கும் ஒரு சீட்டுத் தமிழில் எழுதத் தொடங்கினார்: இது எந்த மாநிலம், எந்த ஆண்டு, எத்தனை கிராம், இதனுள் வெள்ளி எவ்வளவு, இது ஏன் இந்தப் பக்கத்தில் இருக்கிறது. நாற்பது சீட்டுக்கு மேல் எழுதியாகிவிட்டது. கோலாலம்பூர்க் காசின் சீட்டு மட்டும் ஒரு பக்கம் நீள்கிறது.

பள்ளியில் ஒருமுறை காட்சிக்கு வைத்தபோது பிள்ளைகள் காசுகளைக் கையில் எடுத்துப் பார்த்தனர். 1903-ஆம் ஆண்டுக் காசையும் 1919-ஆம் ஆண்டுக் காசையும் இரு கைகளில் ஏந்தி, எது கனம் என்று தாமே கண்டு சொன்னான் நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன். அதற்குப் பிறகு பெரியவர் ஒரு நிபந்தனை விதித்தார்: ஆண்டுக்கு ஒருமுறையேனும் பிள்ளைகள் காசைக் கையில் எடுக்க விட வேண்டும். பள்ளித் தலைமையாசிரியரோ, இந்த விலையில் பூட்டும் கண்ணாடியும் உள்ள அலமாரி இல்லாமல் பொறுப்பேற்க இயலாது என்கிறார்; காசு காணாமற் போனால் பெற்றோருக்கும் வாரியத்துக்கும் விடை சொல்ல வேண்டியவர் அவர். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அலமாரிக்கு விலை விசாரித்திருக்கிறார்கள். ஆயிரத்து இருநூறு வெள்ளியாம்.